பறவை பார்க்கப் பழக அச்சுக் கையேடு வேண்டுமா, செயலி போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் பறவை பார்க்கிறீர்கள். ஃபோனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இருக்கிறது. நண்பர் ஒருவர் பழைய கையேடு ஒன்றின் பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார். இவ்வளவு கையில் இருக்கும்போது காசு கொடுத்து அச்சுப் புத்தகம் வாங்க வேண்டுமா, கூட வரும் ஒன்பது வயது மகளுக்கும் அதே புத்தகம் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: செயலி பெயரைச் சொல்லிவிடுகிறது, அடுத்த வாரம் அதே பறவை வந்தால் மறுபடியும் செயலியைத்தான் திறக்கிறேன் என்று. உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செலவு இரண்டாம்பட்சம். பார்த்த பறவை ஏன் மனதில் நிற்க மாட்டேன் என்கிறது, அதற்குப் புத்தகம் உதவுமா என்பதே கேள்வி.

உதவும். ஒரே ஒரு அச்சுக் கையேடு வாங்குங்கள், செயலியையும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த பி.டி.எஃப்.பை மறந்துவிடுங்கள். இதுதான் என் பதில். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டையும் எப்போது எடுக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால் புத்தகமும் அலமாரியில் தூங்கும். நான் விலங்கியல் படித்தவன். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளுக்கு அழைத்துப் போகிறேன். ஆகவே நான் சொல்வது சமவெளி, நீர்நிலை, வயல்வெளிப் பறவைகளுக்கு நன்றாகப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பறவை கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குக் கேட்பதே அதிகம். அங்கே நடப்பவர்கள் என்னைவிடச் செயலிக்குக் கூடுதல் இடம் கொடுப்பார்கள், அது நியாயமும்கூட.

உங்கள் ஏரியிலேயே தொடங்குவோம். குளிர்காலத்தில் சேற்றோரம் ஓடித் திரியும் உள்ளான்களைப் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே பழுப்பு. அவற்றில் மூன்று இனங்கள் புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும். சாதாரண உள்ளானுக்கு மார்பின் வெள்ளை, தோளுக்கும் மார்புப் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்தது போல மேலே ஏறியிருக்கும். நிற்கும்போதும் பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். பொறி உள்ளானுக்கு முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், கால்களில் மஞ்சள் சாயல், கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். கிரீன் சாண்ட்பைப்பர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் மூன்றாவது இனத்துக்கு முதுகு இன்னும் கருமை, புருவம் கண்ணோடு நின்றுவிடும், பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கருப்பாகத் தெரியும். நல்ல கையேட்டில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே திசை பார்த்து, ஒரே தோரணையில் நிற்கும். புருவம் எங்கே முடிகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மூன்று தலைகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது கண்ணே கண்டுபிடித்துவிடும். செயலியில் ஒவ்வொன்றுக்கும் தனித் திரை. ஒன்றைப் பார்த்து, பின்னால் வந்து, அடுத்ததைத் திறப்பதற்குள் முதல் பறவையின் புருவம் நினைவிலிருந்து போய்விடுகிறது.

பறவையை அடையாளம் காண்பது என்பது அதை அதன் பக்கத்து உறவுகளிடமிருந்து பிரித்தறிவதுதான். செயலி ‘இது பொறி உள்ளான்’ என்று விடையைத் தந்துவிடுகிறது. அது ஏன் மற்ற இரண்டும் இல்லை என்பதை நீங்கள் யோசிக்கவே இல்லை. யோசிக்காத விஷயம் அடுத்த ஞாயிறு வரை தங்குமா? உங்கள் ஞாபகத்தில் குறையில்லை. வேறுபாட்டைப் பார்க்கும் வேலை நடக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அளவு இன்னொரு சிக்கல். ஃபோன் திரையில் தேன்சிட்டும் திரையை நிறைக்கிறது, கழுகும் திரையை நிறைக்கிறது. அச்சுக் கையேட்டில் ஒரு பக்கத்தில் உள்ள பறவைகளைப் பெரும்பாலும் ஒரே அளவுகோலில் வரைந்திருப்பார்கள். நீர்க்காகங்களின் பக்கத்தைத் திறந்தால் சிறிய நீர்க்காகம் தன் கட்டைக் குட்டை அலகோடு, கொண்டை நீர்க்காகத்தின் நீண்ட மெல்லிய அலகுக்குப் பக்கத்தில் எவ்வளவு சிறியது என்று பார்த்தவுடன் தெரியும். பறவையியலாளர் சாலிம் அலி இந்தியப் பறவைகள் பற்றிய தன் நூலில் அளவைச் சொல்ல ஓர் அருமையான வழி வைத்திருந்தார். சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் சிட்டுக்குருவி அளவு, மைனாவைவிடச் சிறியது, காகத்தைவிடப் பெரியது என்று தெரிந்த பறவைகளோடு ஒப்பிட்டே சொல்வார். எந்தக் கையேட்டை வாங்கினாலும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பைனாகுலரில் தூரத்துப் பறவையின் சென்டிமீட்டரைக் கணிக்க யாராலும் முடியாது. மைனாவைவிடப் பெரிதா சிறிதா என்று எல்லோராலும் சொல்ல முடியும்.

படமா புகைப்படமா என்ற விவாதம் பறவை ஆர்வலர்களிடையே ஓயாதது. தொடங்குபவர்களுக்கு வரைந்த படமே நல்லது என்பதில் எனக்கு உறுதி உண்டு. புகைப்படம் ஒரு குறிப்பிட்ட பறவையை, ஒரு குறிப்பிட்ட வெயிலில், ஒரு நொடியில் காட்டுகிறது. ஓவியர் பல பறவைகளைப் பார்த்து, அந்த இனத்துக்குப் பொதுவானதை வரைகிறார். ஆண், பெண், இளம் பறவை, இனப்பெருக்கக் காலத் தோற்றம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நிற்கும்போது மண்ணோடு மண்ணாக இருக்கும் அந்தப் பழுப்புப் பறவை, பறந்தால் முழு வெள்ளையாகத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாகிவிடும். தனித்தனிப் புகைப்படங்களாகப் பார்த்தால் மூன்று பறவைகள் என்று நினைப்பீர்கள். கையேட்டின் ஒரே பக்கம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். அதே போல ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆண்களை யாரும் தவறவிட மாட்டார்கள். பெண்கள்தான் சிக்கல். ஒன்றுக்குத் தொண்டையிலிருந்தே மஞ்சள், மற்றதற்குத் தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, மார்பில்தான் மஞ்சள் தொடங்கும். இதைத் தனிப் புகைப்படத்தில் கண்டுபிடிப்பதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த படத்தில் பார்ப்பது எளிது.

ஆனால் அச்சில் வண்ணம் எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். மறுபதிப்புகளில் பச்சை மங்கியும் பழுப்பு சிவந்தும் வந்த பிரதிகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் கடையில் பனங்காடை, மீன்கொத்தி போல உங்களுக்கு நன்கு தெரிந்த பறவையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், வண்ணம் சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். ஃபோனிலும் இதே ஆபத்து இருக்கிறது. இரவில் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் எல்லாக் கதிர்க்குருவிகளும் பழுப்பேறிவிடும்.

இனி அந்த பி.டி.எஃப். விஷயம். மின்னூல் எல்லாமே ஒன்று போலத் தோன்றினாலும் செயலி வேறு, கையேட்டை அப்படியே ஸ்கேன் செய்த கோப்பு வேறு. களக் கையேட்டின் அமைப்பே விரித்த இரண்டு பக்கங்களை நம்பி இருக்கிறது: ஒரு பக்கம் படங்கள், எதிர்ப் பக்கம் குறிப்புகள், பரவல் வரைபடம். ஃபோனில் அந்த இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பெரிதாக்கினால் பக்கத்துப் பறவை திரைக்கு வெளியே போய்விடும், சிறிதாக்கினால் எழுத்து தெரியாது. கறுப்பு வெள்ளைத் திரை கொண்ட மின்னூல் கருவியில் பறவைக் கையேடு படிப்பதில் பயனே இல்லை. தவிர, சுற்றில் வரும் கோப்புகளில் பெரும்பாலானவை அனுமதியில்லாமல் ஸ்கேன் செய்தவை, மங்கலானவை, பழைய பதிப்புகள். ஒரு கையேட்டின் படங்களை வரைய ஓவியர்களுக்கு வருடக்கணக்கில் ஆகிறது. அந்த உழைப்புக்கு உரிய காசைக் கொடுத்து வாங்குவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். காசு தடையென்றால் நூலகத்தில் எடுங்கள், பழைய புத்தகக் கடையில் தேடுங்கள்.

அச்சுப் புத்தகத்தால் ஆகவே ஆகாத வேலை ஒன்று உண்டு, அது குரல். ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கூப்பிடும், வறண்ட புதருக்குள் ஒளிந்துகொள்ளும் என்று எத்தனை வரி எழுதினாலும் நாணல் கதிர்க்குருவியின் குரல் காதில் ஏறாது. ஒருமுறை கேட்டால் போதும், அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை வேலியோரம் நடக்கும்போதெல்லாம் அது கூப்பிடுவது கேட்கத் தொடங்கிவிடும். செம்மார்புக் குக்குறுவானின் விடாத ‘டுக் டுக் டுக்’, விடியலிலும் அந்தியிலும் கூவுவதாலேயே பெயர் பெற்ற ஆறுமணிக் குருவி, இவற்றையெல்லாம் காதால்தான் கற்க வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய மெர்லினில் குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் வசதி 2021இல் வந்தது. நம் பகுதிப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத ஏரிக்கரையிலும் வேலை செய்யும். இது இலவசமாகக் கிடைப்பது நம் காலத்தின் பெரிய வரம்.

அது சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கக் கூடாது என்பதும் உறுதி. துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலைப் பிரமாதமாக நடிக்கும், செயலி எதைக் கேட்டதோ அதைத்தான் சொல்லும். திரையில் ஒளிர்ந்த பெயரை ‘இங்கே இது இருக்கலாம், தேடு’ என்ற குறிப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவுசெய்த குரலை ஏரிக்கரையில் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கச் சிலர் சொல்லித் தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் போட்டியாளன் வந்துவிட்டான் என்று அது பதறி வரும், கூடு கட்டும் காலத்தில் முட்டையை விட்டுக்கூட எழுந்து வரும். குரலை வீட்டில், காதுக்கருவி போட்டுக் கேளுங்கள்.

பெயர், பரவல், பருவம் இவற்றிலும் செயலிதான் முன்னால் நிற்கிறது. இனங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. மாட்டின் முதுகில் உட்காரும் உண்ணிக்கொக்கு அண்மையில் கிழக்கு, மேற்கு என இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டது, நம் ஊரில் இருப்பது கிழக்கத்தியது. நீங்கள் வாங்கும் புத்தகத்தில் அது ஒரே இனமாக இருக்கலாம். அது பெரிய குறையாகாது, உங்கள் கண்ணுக்கு அது அதே உண்ணிக்கொக்குதான். அதே ஆய்வகத்தின் இபேர்ட் தளத்தில் உங்கள் ஏரியில் எந்த மாதத்தில் எந்தப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கலாம். அதைப் புத்தகத்தோடு சேர்க்கும் ஒரு வேலையைப் புதியவர்கள் எல்லோரையும் செய்யச் சொல்கிறேன். இந்தியா முழுவதற்குமான கையேட்டில் 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கும். தொடங்குபவர் அதைப் புரட்டிப் புரட்டி இமயமலைப் பறவையை மதுராந்தகம் ஏரியில் கண்டதாக முடிவு செய்வது அடிக்கடி நடக்கும். ஒரு மழை நாளில் உட்கார்ந்து, இபேர்டில் உங்கள் ஏரியின் பட்டியலைத் திறந்து, அந்தப் பறவைகளுக்கு மட்டும் புத்தகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். குளிர்கால விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். அந்த மாலையோடு புத்தகம் உங்கள் ஏரியின் புத்தகமாகிவிடும். புள்ளி வைக்கும் சாக்கில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவீர்கள் என்பதுதான் இதில் இருக்கும் உண்மையான லாபம்.

காகிதத்தில் படித்தால் நன்றாக மனதில் பதியும் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது உண்மையா என்று நீங்கள் கேட்கக்கூடும். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த பாடங்களைப் படிக்கும்போதும், நேர நெருக்கடியில் படிக்கும்போதும் காகிதத்தில் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள், கதை படிப்பதில் அப்படி வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. இதை நான் மதிக்கிறேன், ஆனால் இதை வைத்து உங்களைப் புத்தகம் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வுகள் அளந்தது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை. ஏரிக்கரையில் இரண்டு உள்ளான்களைப் பிரித்தறிவது வேறு திறன். வேறுபாடும் அப்படியொன்றும் பெரியதல்ல. புத்தகம் வாங்கச் சொல்வதற்கு என் காரணம், நான் மேலே சொன்ன அந்த ஒரே பக்கத்து ஒப்பீடு. நாளை பெரிய திரையில், இனங்களை ஒரே அளவுகோலில் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டும் செயலி கைக்கு வந்தால் என் பதிலும் மாறும்.

ஆக, எதை எப்போது எடுப்பது? ஏரிக்கரையில் பறவையைக் கண்டவுடன் ஃபோனையும் எடுக்க வேண்டாம், புத்தகத்தையும் திறக்க வேண்டாம். அது பறந்து போகும் வரை பறவையையே பாருங்கள். குனிந்து பக்கம் புரட்டிய நேரத்தில் போன பறவைகள் ஏராளம். பிறகு சின்ன நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் பறவையைவிடப் பெரிது, அலகு எப்படி, எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. படம் வரைய வராது என்று தயங்க வேண்டாம். முட்டை போல ஒரு உடல், அதன் மேல் ஒரு தலை போட்டு, வெள்ளை எங்கே இருந்தது என்று அம்புக்குறி இட்டால் போதும். அதன் பிறகு கையேட்டைத் திறந்து நீங்களாகவே ஒரு பெயருக்கு வாருங்கள். கடைசியாகச் செயலியில் சரிபாருங்கள். மெர்லினிலேயே படிப்படியாகக் கேள்வி கேட்டு விடைக்குக் கொண்டுபோகும் ஒரு வழி இருக்கிறது: எங்கே, எப்போது, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்தது என்று கேட்கும். படம் பிடித்துக் காட்டுவதையும் குரல் பதிவதையும்விடப் பழகுவதற்கு அதுவே நல்லது, ஏனென்றால் விடை சொல்ல நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாத நாட்கள் வரும். அந்த நாட்களில்தான் நிறையக் கற்பீர்கள், அவசரமாகச் செயலியின் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

எந்தப் புத்தகம் என்று கேட்டால், 1941இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் முதலில் வெளியிட்ட சாலிம் அலியின் நூலைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதன் மேல் தீராத மதிப்பு. பறவையின் நடத்தையை அவ்வளவு சுருக்கமாக, அவ்வளவு துல்லியமாகச் சொல்லும் குறிப்புகள் அரிது. ஆனால் எல்லா இனங்களும் அதில் இல்லை, நீங்கள் காணும் உள்ளானோ கதிர்க்குருவியோ இல்லாமல் போனால் இருப்பதில் ஒன்றைத் தவறாகப் பொருத்திவிடுவீர்கள். அதனால் முதல் புத்தகமாகத் தென்னிந்தியாவுக்கென்றே வந்திருக்கும் களக் கையேட்டை வாங்குங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன, அதுவே தொடங்குபவருக்கு ஏராளம். படமும் குறிப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறதா, ஒரு கையில் பிடிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். சாலிம் அலியை வீட்டில் வைத்துப் படியுங்கள். நடத்தை, வலசை, கூடு கட்டுதல் பற்றிய கட்டுரை நூல்களை மின்னூலாகவே வாங்கலாம். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளை எதில் படித்தாலும் சுவை குறையாது.

உங்கள் மகளுக்கு இந்தக் கையேட்டைக் கொடுக்காதீர்கள். ஒன்பது வயதுக்கு அது கனம், படங்களும் எழுத்தும் பொடி. தமிழ்ப் பெயர்களோடு, நம் பகுதியில் அடிக்கடி தெரியும் பறவைகளை மட்டும் போட்ட மடிப்பு அட்டைகள் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுங்கள். தவிட்டுக்குருவி, செம்போத்து, நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான் என்று அவள் தமிழிலேயே பெயர் சொல்லிப் பழகட்டும், ஆங்கிலப் பெயர்கள் பின்னால் தானாக வரும். ஃபோனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டும் பென்சிலும் அவளிடம் இருக்கட்டும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறை நாட்களில், இருக்கும் இடத்திலேயே கால் மணி நேரம் பறவைகளை எண்ணி இபேர்டில் பதிந்தால் போதும். வரும் பொங்கலுக்கு அவள் எண்ணட்டும், நீங்கள் பதியுங்கள். அவள் எழுதிய பெயரில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கையேட்டை விரித்து, ஏன் அந்தப் பெயர் என்று அவளையே கேளுங்கள்.